ஞாயிறு ரோஸ்ட்: எல்லாம் ஒரே நேரத்தில் மேசைக்கு வருவது எப்படி?

அயர் நதிக்கரையாள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மதுரையிலிருந்து லீட்ஸ் நகருக்குக் குடிவந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் பக்கத்து வீட்டில் எண்பது வயதைக் கடந்த ஒரு பாட்டி தனியாக வசிக்கிறார். கணவர் இருந்த காலத்தில் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் ரோஸ்ட் (ஓவனில் சுட்ட இறைச்சி, உருளைக்கிழங்கு, காய்கள், இறைச்சிச் சாற்றில் செய்த கிரேவி எல்லாம் சேர்ந்த ஆங்கிலேயரின் ஞாயிறு உணவு) சமைத்ததாகவும், தன் ஒருத்திக்காக ஓவனை மூட்ட மனம் வராததால் இப்போது விட்டுவிட்டதாகவும் வேலியோரம் நின்று பேசிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் சொன்னார். அதைக் கேட்ட வேகத்தில், அடுத்த வாரத்துக்கு மறுவார ஞாயிறு மதியம் எங்கள் வீட்டுக்கு ரோஸ்ட் சாப்பிட வாருங்கள் என்று அழைத்துவிட்டேன். அழைத்த பிறகுதான் அச்சம் பிடித்துக்கொண்டது.

காரணம், சென்ற மாதம் குழந்தைகள் கேட்டார்கள் என்று ஒருமுறை செய்து பார்த்ததில் எதுவுமே சரியாக வரவில்லை. கோழியின் மேல்தோல் கருகியது. தொடையைப் பிரித்தால் உள்ளே நீர் இன்னும் சிவப்பாக ஓடியது. அதை மறுபடி ஓவனுக்குள் தள்ளிவிட்டுக் காத்திருந்த அரை மணி நேரத்தில், முன்னரே வெந்திருந்த உருளைக்கிழங்கு ஆறித் தோல்போலாகிவிட்டது. யார்க்ஷயர் புட்டிங் (முட்டையும் பாலும் மாவும் கரைத்து ஓவனில் உப்ப வைக்கும் பண்டம்) உப்புகிறதா என்று மூன்று முறை கதவைத் திறந்து பார்த்தேன். கடைசியில் அது அடையைப்போலத் தட்டையாக வெளியே வந்தது. நம் சமையலில் குழம்பை இறக்கி மூடி வைத்துவிட்டுப் பொரியலைத் தொடங்கலாம், குழம்பு காத்திருக்கும். அரை மணி பொறுத்தால் இன்னும் சுவை கூடும். இங்கேயோ ஆறு பண்டங்கள் ஒரே நிமிடத்தில் சூடாக மேசைக்கு வர வேண்டும், இருப்பதோ ஒரே ஓவன். இதை ஒவ்வொரு வாரமும் செய்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

இன்னொரு தயக்கமும் உண்டு. நாங்கள் மாட்டிறைச்சி உண்பதில்லை. லீட்ஸ் இருக்கும் இந்த யார்க்ஷயர் மண்ணில் பிறந்த ஒருவருக்கு மாட்டிறைச்சி இல்லாத ரோஸ்ட் பரிமாறினால் அது குறையாகத் தோன்றுமா? கோழிக்கு நம் மசாலாவைத் தடவலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கரண்டிக்காரன் எழுதியது:

வணக்கம் சகோதரி. இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு பப் சமையலறையில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஞாயிறு மதியம் என்றாலே எனக்கு ரோஸ்ட்தான். உங்கள் குழப்பத்துக்கு ஒரே காரணம், நீங்கள் தொடக்கத்திலிருந்து முடிவை நோக்கிக் கணக்கிட்டிருக்கிறீர்கள். ரோஸ்ட்டை முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். எத்தனை மணிக்கு உட்காரப் போகிறீர்கள் என்பதை முதலில் ஒரு தாளின் அடியில் எழுதிவிட்டு, அங்கிருந்து மேல்நோக்கி எழுதிக்கொண்டு போங்கள்.

இறைச்சி வெந்தவுடன் வெட்டக் கூடாது என்பதே இந்தச் சமையலின் சூட்சுமம். ஓவனிலிருந்து எடுத்துத் தளர்வாக மூடி வைத்தால், பெரிய துண்டு அரை மணி நேரம்கூடச் சூடு ஆறாமல் இருக்கும். உள்ளிருக்கும் சாறும் நிலைகொள்ளும், உடனே வெட்டினால் அது பலகையில் ஓடி வீணாகிவிடும். அந்த அரை மணிதான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். அப்போது ஓவன் காலியாகிவிடுகிறது. வெப்பத்தைக் கூட்டி யார்க்ஷயர் புட்டிங்கை உள்ளே வைப்பதும், உருளைக்கிழங்கைக் கடைசியாக மொறுமொறுப்பாக்குவதும், தட்டில் வடிந்த சாற்றைக் கிரேவியாக்குவதும் அந்த நேரத்துக்கு உரிய வேலைகள். குழம்பைப் போலவே இங்கும் காத்திருக்கக்கூடிய பண்டம் ஒன்று உண்டு, அது இறைச்சி.

1 மணிக்கு உண்பதாக வைத்துக்கொள்வோம். கோழிக்கு 450 கிராமுக்கு 20 நிமிடம், அதற்கு மேல் ஒரு 20 நிமிடம் என்பது இங்கே வழக்கமான கணக்கு. எனவே 1.8 கிலோ கோழிக்கு 100 நிமிடம் தேவை. 12.30-க்கு வெளியே வர வேண்டுமானால் 10.50-க்கு, முன்னரே 190 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிய ஓவனில் அது போயிருக்க வேண்டும். தோல் சீக்கிரம் சிவந்துவிட்டால் மேலே அலுமினியத் தாளைப் போர்த்துங்கள். உருளைக்கிழங்கை 11.30-க்கு உப்பு நீரில் பத்து நிமிடம் அரைவேக்காடாக வேகவைத்து வடித்து, வடிதட்டிலேயே முறத்தில் புடைப்பதுபோல் இரண்டு மூன்று முறை குலுக்குங்கள். ஓரங்கள் மாவுபோல் சிதைந்தால்தான் கொழுப்பு அதில் ஊறி மொறுமொறுப்பு வரும். வழவழப்பான கிழங்கு ஒருபோதும் மொறுகாது. மாரிஸ் பைப்பர் அல்லது கிங் எட்வர்ட் என்ற வகையை வாங்குங்கள். அது 11.55-க்குக் கொதிக்கும் எண்ணெயில் ஓவனுக்குள் போகட்டும். கேரட்டும் பார்ஸ்னிப் என்ற வெள்ளைக் கிழங்கும் 12.15-க்கு. கீரை வகைகள், பட்டாணி எல்லாம் கடைசிப் பத்து நிமிடத்தில் அடுப்பின் மேலேயே வெந்துவிடும்.

புட்டிங்குக்கு முட்டை, பால், மைதா மூன்றையும் ஒரே குவளையால் சம அளவாக அளந்து, சிறிது உப்புச் சேர்த்துக் கரைத்து, காலையிலேயே எடுத்து வையுங்கள். சோடா உப்போ பேக்கிங் பவுடரோ வேண்டாம். அது உப்புவது நீராவியால் மட்டுமே. கோழி வெளியே வந்ததும் ஓவனை 220 டிகிரிக்கு ஏற்றி, குழித்தட்டில் எண்ணெய் விட்டு உள்ளே வையுங்கள். எண்ணெயில் புகை தோன்றத் தொடங்கும்போது மாவை ஊற்றினால் 'சொய்' என்ற ஓசை வர வேண்டும். வரவில்லையென்றால் எண்ணெய் போதவில்லை அல்லது சூடு போதவில்லை. அதன்பின் இருபது நிமிடம் கதவைத் தொடாதீர்கள். சுவர்கள் இறுகுவதற்கு முன் குளிர்காற்று பட்டால் உள்ளிருக்கும் ஆவி அடங்கி, நீங்கள் சொன்ன அந்த அடைதான் கிடைக்கும்.

மசாலாவைப் பற்றி: தடவலாம், தவறில்லை. ஆனால் மிளகாய்த்தூளும் தயிரும் தட்டின் அடியில் வடிந்து கருகும். அதில் செய்யும் கிரேவி கசக்கும். கிரேவி கெட்டால் ரோஸ்ட் கெட்டது. பாட்டிக்காகச் செய்வதால் இந்த ஒரு முறை வெண்ணெய், உப்பு, மிளகு, தைம் என்ற மூலிகை, வயிற்றுக்குள் பாதி எலுமிச்சை என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழைய மாணவன் எழுதியது:

மேலே எழுதிய தம்பி சமையலை முழுமையாகச் சொல்லிவிட்டார். அதில் சேர்ப்பதற்கு எனக்கு ஏதுமில்லை. ஒவ்வொரு வாரமும் செய்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று மகள் கேட்ட கேள்விக்கு மட்டும் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து 1973-ஆம் ஆண்டு படிப்பதற்காக பிராட்ஃபோர்டுக்கு வந்தவன். கம்பளி ஆலையில் முன்பு வேலைபார்த்த ஓர் அம்மையாரின் வீட்டில் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். ஞாயிறு மதியம் எனக்கும் அவரது மேசையில் இடமுண்டு. முதல் ஞாயிறே ஒரு பெரிய யோர்க்ஷயர் புடிங்கும் கிரேவியும் மட்டும் தட்டில் வந்தன. இதுதான் உணவு என்று எண்ணி நான் முழுவதையும் உண்டு முடித்தபின், இறைச்சியும் மரக்கறியும் வந்தன. அதிகம் புடிங் தின்றவனுக்குத்தான் அதிகம் இறைச்சி என்று பிள்ளைகளிடம் சொல்வது அப்பகுதியின் பழைய வழக்கு. மாவும் முட்டையும் வயிற்றை நிரப்பிவிட்டால் பிள்ளைகள் இறைச்சியை அதிகம் கேட்கமாட்டார்கள் என்ற தாய்மாரின் கணக்கு அதற்குள் இருக்கிறது. புடிங் பிறந்ததே அந்தச் சிக்கனத்தில்தான். திறந்த நெருப்பின் முன் கம்பியில் கோத்துச் சுழலவிட்ட இறைச்சியிலிருந்து சொட்டும் கொழுப்பு வீணாகாமல் இருக்க, அதன் கீழே மாவுத்தட்டை வைத்தார்கள். 1747-இல் ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணி தமது சமையல் நூலில் யோர்க்ஷயர் என்ற பெயரோடு இதற்குக் குறிப்பு எழுதும் காலத்துக்கு முன்பே இது வழக்கத்தில் இருந்தது.

உண்மையில் அக்காலத்தில் நெருப்பின் முன் சுழற்றிச் சுடுவதற்குத்தான் ரோஸ்ட் என்று பெயர். மூடிய அடுப்புக்குள் வைத்து வேகவைத்தால் அது வேறு. இன்று நாம் எல்லோரும் செய்வது அந்த இரண்டாவது வகை, பெயர் மட்டும் முதலாவதினுடையது. (நம்மவர்கள் தோசையையும் ரோஸ்ட் என்கிறார்கள்; அதை இங்கே விளக்கப் புகுந்தால் பொழுது போய்விடும்.) வீட்டில் ஓவன் இல்லாத ஏழைக் குடும்பங்கள் ஞாயிறு காலை தேவாலயத்துக்குப் போகும் வழியில் தங்கள் இறைச்சித் தட்டை வெதுப்பகத்தில் (பேக்கரியில்) கொடுத்துவிட்டுப் போவார்கள். அன்று பாண் (ரொட்டி) போடாத அடுப்பு சும்மாதானே இருக்கும். சிறு கட்டணத்துக்கு வெதுப்பகக்காரர் பல வீட்டுத் தட்டுகளை ஒன்றாக வேகவைப்பார். பிரார்த்தனை முடிந்து வரும்போது வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஆகவே, ஒரே ஓவனில் எப்படி என்ற கவலை மகளுக்கு மட்டுமானதல்ல.

என் வீட்டுக்கார அம்மையார் ஞாயிறன்று சமைத்தது ஒரு நாளுக்கான உணவை அல்ல என்பதை நான் புரிந்துகொள்ளச் சில வாரங்கள் ஆயின. திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள், சமைக்க நேரமிராது. எனவே மிஞ்சிய இறைச்சியைக் குளிராகவே மெல்லியதாக அரிந்து, ஊறுகாயோடும் உருளைக்கிழங்கோடும் தருவார். மிஞ்சிய கோவாவையும் (முட்டைக்கோஸையும்) கிழங்கையும் சேர்த்து மசித்துச் சட்டியில் பொரிப்பார்; அது அடுப்பில் எழுப்பும் ஓசையையே அதற்குப் பெயராக வைத்து பபிள் அண்ட் ஸ்க்வீக் என்பார்கள். செவ்வாயன்று மீதியைக் கொத்தி, மேலே மசித்த கிழங்கைப் பரப்பி மறுபடி வேகவைப்பார். ஆட்டிறைச்சியானால் ஷெப்பர்ட்ஸ் பை, மாட்டிறைச்சியானால் காட்டேஜ் பை. எலும்பு சூப்பாகும். தட்டில் வடிந்து உறைந்த கொழுப்பையும் அதனடியில் தேங்கிய கரும்பழுப்புச் சாற்றையும் கிண்ணத்தில் எடுத்து வைத்து, உப்புத் தூவிப் பாணில் பூசி அவரது மகன் உண்பதைப் பார்த்திருக்கிறேன். விக்டோரியா காலத்துச் சமையல் நூல்கள் பலவற்றில், இந்த மிஞ்சிய குளிர் இறைச்சியையும் கறித்தூள் போட்டுக் கறி என்று எழுதிவைத்தார்கள்; நம் நாட்டுப் பெயரால் அங்கே பல வீடுகளில் உண்ட உணவு, ஞாயிற்றின் மிச்சம்.

போர்க்காலத்தில் 1940-இல் இறைச்சிக்குப் பங்கீடு வந்தது. அது நீங்கியது போர் முடிந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1954 ஜூலையில்தான். அந்த ஆண்டுகளில் கிடைத்த சிறு துண்டையும் ஞாயிறுக்கென்று ஒதுக்கி வைத்ததாக அம்மையார் சொல்வார். பாட்டியின் வயதைப் பார்த்தால் அவருக்கும் அது நினைவிருக்கும், கேட்டுப் பாருங்கள்.

கோழியைப் பற்றிய தயக்கம் வேண்டாம். போருக்குப் பின் பண்ணைக் கோழி பெருகும்வரை இங்கே கோழிதான் விலை உயர்ந்தது. அதை வைப்பது விருந்தாளியைக் குறைத்ததாகாது. கோழியோடு யோர்க்ஷயர் புடிங் வைப்பது முறையா என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. அவர்களும் வைத்தால் உண்கிறார்கள்.

மாட்டிறைச்சி உண்ணாதவனான நானோ, இறைச்சியை மட்டும் நாகரிகமாக மறுத்துவிட்டு, புடிங்கும் கிழங்கும் கிரேவியும் போதும் என்று ஏழு வாரம் மகிழ்ச்சியோடு உண்டேன். அந்தக் கிரேவியும் கிழங்கு பொரிந்த கொழுப்பும் எதிலிருந்து வந்தன என்று யோசிக்க எனக்கு எட்டாவது வாரம்வரை ஆகிவிட்டது.

வாழைப்பூ எழுதியது:

ஐயா கடைசியில் சொன்னதைச் சிரித்துவிட்டுக் கடந்துபோக முடியவில்லை. சைவ உணவு உண்பவர்களுக்கு இன்றும் அது நடக்கிறது. பப்பில் இறைச்சி வேண்டாம், மற்றதெல்லாம் கொடுங்கள் என்று கேட்டால் போதாது. உருளைக்கிழங்கு வாத்துக் கொழுப்பிலோ மாட்டுக் கொழுப்பிலோ பொரிந்திருக்கலாம். கிரேவி எலும்புச் சாற்றில் செய்ததாக இருக்கலாம். ஸ்டஃபிங் என்ற உருண்டையில் பன்றி இறைச்சி கலந்திருக்கலாம். வழக்கமான புட்டிங்கில் முட்டை உண்டு. தனித்தனியாகக் கேட்டே ஆக வேண்டும். சைவர்களுக்கென்று கொட்டைகளையும் காய்களையும் அரைத்துச் செய்யும் நட் ரோஸ்ட் பல இடங்களில் கிடைக்கிறது. அதன் சுவையைப் பற்றி நான் கருத்துச் சொல்லாமல் இருப்பதே நல்லது. வீட்டில் காலிஃபிளவரை வெண்சாஸும் சீஸும் ஊற்றி ஓவனில் வைப்பதையே நாங்கள் முதன்மை உணவாக்கிவிட்டோம்.

மருந்துச்சீட்டு எழுதியது:

சுகாதாரத் துறையில் பணியாற்றுபவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் கோழியை மஞ்சள் போட்டு மூன்று தண்ணீரில் கழுவாமல் அடுப்பில் ஏற்றுவதில்லை. பச்சைக் கோழியைக் கழுவாதீர்கள் என்று பிரிட்டனின் உணவுத் தரக் கட்டுப்பாட்டு முகமை 2014-இல் ஓர் இயக்கமாகவே அறிவுறுத்தியது. கோழியில் இருக்கக்கூடிய கேம்பிலோபேக்டர் என்ற கிருமி, குழாய் நீர் தெறிக்கும்போது தொட்டியிலும் பாத்திரங்களிலும் பச்சைக் காய்களிலும் படிந்துவிடும். கழுவுவதால் அது போவதில்லை, வேகவைத்தால்தான் சாகும். என் தாயார் இதை இன்றுவரை ஏற்கவில்லை. அவர் கழுவும்போது நான் சமையலறையிலிருந்து தட்டுகளை வெளியே எடுத்துப் போய்விடுகிறேன். ஈரமாக இருந்தால் காகிதத்தால் ஒற்றி எடுங்கள். உலர்ந்த தோல்தான் மொறுமொறுப்பாகவும் வரும் என்பதால் இதில் சுவைக்கும் நன்மை உண்டு.

தொடையைப் பிரித்துப் பார்த்து ஊகிப்பதை விட, இறைச்சிக்கான வெப்பமானி ஒன்றை வாங்கிவிடுங்கள். தொடையின் தடித்த பகுதியில், எலும்பைத் தொடாமல் செருகினால் 75 டிகிரி காட்ட வேண்டும். எண்பது வயதைக் கடந்த ஒருவருக்குப் பரிமாறுவதால் இதில் ஊகம் வேண்டாம்.

அயர் நதிக்கரையாள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. விருந்து நேற்று முன்தினம் முடிந்தது. தாளில் கீழிருந்து மேலாக நேரம் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினேன். என் கணவர் ஒவ்வொரு வரியையும் ரயில் அறிவிப்பைப்போல உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். வெப்பமானி 78 காட்டியது. 12.40-லிருந்து ஓவன் கதவின் முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு, குழந்தைகள் திறந்துவிடாமல் நானே காவலுக்கு உட்கார்ந்தேன். பன்னிரண்டு புட்டிங்கில் பத்து உப்பியது. 1 மணிக்குப் பரிமாற நினைத்தது 1.20 ஆயிற்று, கிரேவியை மறந்துவிட்டு, நினைவு வந்தபின் அவசரமாகக் காய்ச்சினேன்.

பாட்டி கத்தியைப் பார்த்துவிட்டு, இது வெட்டாது என்று தம் வீட்டுக்குப் போய்த் தம் கணவரின் கத்தியையும், அதைத் தீட்டும் இரும்புக் கோலையும் எடுத்துவந்தார். கோழியை அவரே அரிந்தார். பங்கீட்டைப் பற்றிக் கேட்டேன். அப்போது தாம் பள்ளிச் சிறுமி என்றும், ஞாயிறு இறைச்சியில் முதல் துண்டு தந்தைக்கு, பிறகு உழைக்கப் போகும் அண்ணன்களுக்கு, தமக்கும் தாய்க்கும் புட்டிங்தான் மிகுதி என்றும் சொன்னார். கிரேவி சற்றுத் தண்ணீராக இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். உப்பாத இரண்டு புட்டிங்குகளும் தமக்கே வேண்டும் என்று கேட்டு வாங்கி, பின்னர் அவற்றின் மேல் சர்க்கரைப் பாகு ஊற்றி இனிப்பாகச் சாப்பிட்டார். அப்படியும் உண்பார்கள் என்று இங்கே ஒருவரும் சொல்லவில்லையே!

கோழியின் எலும்புக்கூட்டை நான் குப்பையில் போடப் போவதாக நினைத்து, எலும்பை எறிந்துவிடாதே என்று இரண்டு முறை எச்சரித்துவிட்டுப் போனார். நேற்று அதை மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப்போட்டு ரசம் வைத்து, ஒரு குவளை கொண்டுபோய்க் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார், மீதியை வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அவர் வீட்டில், அவர் சொல்லச் சொல்ல நான் செய்ய வேண்டுமாம்; எலும்போடு கூடிய ஆட்டுத்தொடை. தோட்டத்துப் புதினாவை அரிந்து வினிகரும் சர்க்கரையும் சேர்த்த சாஸ் அவருடைய பொறுப்பு. கடையில் 2 கிலோ அளவில் சொல்லி வைத்திருக்கிறேன். கோழிக்குச் சொன்ன அதே நேரக் கணக்குத்தானா?

கரண்டிக்காரன் எழுதியது:

இல்லை சகோதரி. ஆட்டுத்தொடைக்கு 180 டிகிரியில், நடுவே இளஞ்சிவப்பாக வேண்டுமென்றால் 450 கிராமுக்கு 25 நிமிடமும் மேலே 25 நிமிடமும். நன்றாக வெந்திருக்க வேண்டுமென்றால் 30-உம் மேலே 30-உம். எது வேண்டுமென்று பாட்டியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அந்தத் தலைமுறையில் பலருக்கு இளஞ்சிவப்பு பிடிப்பதில்லை. கத்தியை இந்த முறை அவர் வீட்டிலேயே தீட்டி வைத்திருப்பார்.